புதுப் பிடி

கரையான்சாவடி வீட்டின் சமையலறை ஜன்னலில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சரிந்து விழுகிறது. பழைய கத்தியின் வால் பகுதியை வெற்றிச்செல்வன் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சுகிறான். அலகை ஈரத்துணியால் பிடித்து, சிவந்த வாலைப் பிடிக்காகச் செதுக்கிய தேக்குக் கட்டைக்குள் இறக்குகிறான். புகை சுருண்டு எழ, கருகிய மரத்தின் வாசனை பரவுகிறது. கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்துகிறான். ஒவ்வொரு குத்துக்கும் அவன் மனைவி மதிவதனியின் தோள் அதிர்கிறது. "இம்மா நாளா ஆடிகினு கீது. எங்கிட்ட ஏன் சொல்லல?" அவன் குரலில் அன்புதான். இன்று அவன் குடிக்கவில்லை. "மறந்துட்டேன்" என்கிறாள். போன ஆடியில், போதையில் இதே கத்தியை அவள்மேல் ஓங்கியபோது பிடி கழன்று, அலகு தரையில் விழுந்தது. அவனுக்கு அது நினைவில்லை. மறுநாள் அலகைப் பழைய பிடியில் செருகியவள் அதை இறுக்கவில்லை. அன்றிலிருந்து ஆடுகிற கத்தியால்தான் காய் நறுக்குகிறாள். இப்போது புதுப் பிடியை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஊதி, உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்கிறான். அவன் கைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. மதிவதனி வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறாள். அவன் கொடுக்கவில்லை. கத்தியை இரண்டு முறை காற்றில் வீசிப் பார்த்துச் சிரிக்கிறான். "இனிமே இன்னா செஞ்சாலும் கழலாது, மதி."