துடைத்து வைத்த எஞ்சின்கள்

காரிலிருந்து இறங்கியவர் சோபாவில் உட்காரவில்லை. நேராக ரயில் அறைக்குப் போனார்.

ஒரு கை சுவரில். இன்னொரு கை நெஞ்சில் கட்டியிருந்த பெல்ட்டின் மேல்.

பைபாஸ் முடிந்து பதினோரு நாள். கையைத் தூக்கக் கூடாது, படியேறக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ரயில் அறைக்குப் போகக் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மனைவி பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்த அறைக்குள் அவளுக்கு அனுமதி கிடையாது.

இந்த முறை மட்டும் உள்ளே போயிருந்தாள்.

வீட்டில் தூசு இருந்தால் இருமல் வரும், இருமினால் தையல் தாங்காது என்று அதே டாக்டர்தான் சொன்னார். மகள் ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையிருந்த மூன்று பகலும் அவள் இங்கே இருந்தாள்.

கண்ணாடி அலமாரியில் சாண் நீள ரயில் எஞ்சின்கள். நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் அழுக்கு. கரி எஞ்சின்களின் புகைபோக்கியில் புகை அப்பியிருந்தது. கொதிகலன் ஓரமாக வெள்ளை வெள்ளையாக உப்பு வழிந்திருந்தது. டீசல் எஞ்சின்களில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். இத்தனை ஆசையாக வாங்கிய மனுஷன் இப்படியா போட்டு வைப்பார் என்று அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

பழைய டூத் பிரஷ். ஷாம்பு. வெதுவெதுப்பான தண்ணீர்.

உள்ளே மோட்டார் இருக்கும் என்ற அளவுக்கு அவளுக்கும் விவரம் உண்டு. அதனால் முக்கவில்லை. துடைத்துத் துடைத்து எடுத்தாள். ஷாம்புக்கு மசியாததை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தாள். ஒவ்வொன்றையும் முடித்து அலமாரியில் வைக்கும்போது ஒரு முறை முருகா என்றாள்.

நாற்பத்தொரு முருகா.

பார்த்ததும் ஒரு வார்த்தை சொல்வார். பெரிதாக வேண்டாம். நீயா பண்ணுனே என்று கேட்டாலே போதும். ஆஸ்பத்திரி வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் அதை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஒரு எஞ்சினை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வைத்தார்.

அடுத்ததை எடுத்தார்.

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அழாதவர்.

"அழுக்கெல்லாம் எங்க?"

"தொடச்சுட்டனுங்க."

"அது நான் பூசுனது. ஷெட்டுல நின்ன எஞ்சின போட்டோவுல பாத்துப் பாத்துப் பூசுனது. ஒண்ணுக்கு ரெண்டு மாசம்."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. புது எஞ்சினை வாங்கி அதை ஓடித் தேய்ந்த எஞ்சினாக ஆக்குவதைத்தான் இத்தனை வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கிறார். யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்.

"இதப் பாக்கறதுக்கு நான் அந்த ஆபரேஷன்லயே போயிருக்கலாம்" என்றார்.

சத்தம் போடாமல்தான் சொன்னார். டாக்டர் பேச்சை அவர் மீறவில்லை.

மத்தியானத்துக்குள் துடைத்த எஞ்சின்களின் படம் அவருடைய வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. ரயில் பொம்மை வைத்திருக்கும் அறுபது பேர் அதில் இருக்கிறார்கள். பொம்மை என்று சொல்லக் கூடாது, மாடல். குழுவில் ரயிலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. காலை வணக்கம் போட்ட ஒருவரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அந்த விதியை எழுதியவர் இவர்தான்.

மாத்திரை கொடுக்கப் போனபோது போன் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கும்பிடும் கைகள். அழும் முகங்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சாயங்காலம் நான்கு பேர் நேரிலேயே வந்தார்கள். கையில் ஆப்பிளும் ஆரஞ்சும்.

உடம்பை விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. காபிக்குப் பாலை வைத்தாள்.

அவர் கழுத்து வரை போர்வை போர்த்திக்கொண்டு ரயில் அறையில் உட்கார்ந்திருந்தார். நாலு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். இழவு வீட்டில் பேசுவது போலத் தணிந்த குரலில் பேசினார்கள்.

காபித் தட்டை வாங்க ஒருவர் வெளியே வந்தார். தெய்வசிகாமணி. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயர் ஆனவர்.

"ரொம்ப ஒடஞ்சு போயிட்டாருங்க" என்றார். "எப்படித்தான் தாங்கப் போறாரோ."

"பைபாஸ் பண்ணிப் பதினோரு நாள்தானுங்க ஆச்சு."

தெய்வசிகாமணி தட்டோடு நின்றார்.

"யாருக்குங்க?"

அவள் அறைக்குள் பார்த்தாள். அவர் தூக்கக் கூடாத கையைத் தூக்கி, புகைபோக்கியில் கரி எதுவரை படிந்திருந்தது என்று காட்டிக்கொண்டிருந்தார். போர்வைக்குள் பெல்ட் தெரியவில்லை.

"எனக்குத்தானுங்க" என்றாள்.

தெய்வசிகாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் நிஜமாகவே வருத்தம் வந்தது.

"ஏனுங்க, உடம்பு முடியாதப்ப எதுக்குங்க இந்த வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?"