குளத்துத் துரோகி

"வாளிக்கு எதுக்குங்க சட்டை?" என்று மனைவி கேட்டாள்.

டெய்லர் வாசலிலேயே நின்றுவிட்டார். சனிக்கிழமை, காலை ஆறு மணி. கையில் வாளி, வாளியின் மேல் ஒரு பழைய சட்டை. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"கடையில தரை ஒழுகுது" என்றார். தரை எப்படி ஒழுகும் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

வழியில் தபால்காரர் எதிரே வந்தார். ஒரு காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"வாக்கிங்" என்றார், டெய்லர் கேட்காமலே.

"நானும் வாக்கிங்தான்" என்றார் டெய்லர். வாக்கிங் போகிறவருக்குப் பை எதற்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. வாளி எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? இருவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

சட்டைக்கு அடியில் இருந்தது ஆகாயத்தாமரை. ஒரே ஒரு கொத்து. தண்ணீர்மேல் படர்ந்து, மீனுக்கு மூச்சு முட்டவைத்து, குளத்தையே விழுங்கிவிடும் களை. அதைப் பிடுங்கத்தான் ஞாயிறுதோறும் ஊர்க்காரர்கள் ஏழு பேர் குளத்தில் இறங்குகிறார்கள். தபால்காரரும் அதில் உண்டு, டெய்லரும் உண்டு. ஏழு பேருக்கும் மழைக்கோட்டுத் துணியில் முழங்கால்வரை உறை தைத்துக் கொடுத்ததே டெய்லர்தான்.

ஆறு மாதத்தில் குளம் பளிச்சென்று ஆகிவிட்டது. மீன் துள்ளியது, கொக்கு வந்தது. அங்கேதான் வந்தது வினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு செடிகூட அகப்படாவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு, குளத்துக்கு வேலி போட்டுப் பூட்டிவிடுவதாக நகராட்சி சொல்லிவிட்டது. அப்புறம் குழு எதற்கு?

வாரத்தில் ஆறு நாள் டெய்லரைத் தேடி வருகிறவர்கள் "தைச்சாச்சா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், சேற்றில் நின்றபடி அவர் சொல்லும் மொக்கை ஜோக்குக்கு ஆறு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதை இழக்க அவருக்கு மனசு வரவில்லை.

உரத்துக்கென்று வீட்டுக்கு எடுத்துப் போன களையில் ஒரு கொத்தை மட்டும் தொட்டியில் பிழைக்க வைத்தார். சனிக்கிழமை போடுவது, ஞாயிற்றுக்கிழமை எடுப்பது. மீனுக்கும் கெடுதல் இல்லை, மனுஷனுக்கும் கெடுதல் இல்லை.

ஒன்றுதான் புரியவில்லை. அவர் போடுவது ஒரு கொத்து, ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதோ ஏழு. பெருகுகிற ஜாதியாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

போன வாரம் குழுத் தலைவர் கொதித்தே விட்டார். அவர் ரிட்டயரான விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அவருக்குப் பெயரே விசில்.

"எவனோ ஒரு துரோகி கொண்டாந்து போடறான்! கையில சிக்கட்டும், தோலை உரிச்சிடறேன்!"

"என்கிட்ட அனுப்புங்க சார், மரத்துப்போற ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கறேன்" என்றார் பல் டாக்டரம்மா. எல்லோரும் ஆமாம் போட்டார்கள். டெய்லர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமாம் போட்டார்.

இப்போது குளத்தங்கரையில் ஆள் அரவம் இல்லை. டெய்லர் சட்டையை விலக்கி, கொத்தை எடுத்து, தண்ணீரைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

பம்ப் ரூமுக்குப் பின்னாலிருந்து "பீப்!" என்று ஒரு சத்தம்.

கொத்து நழுவி அவர் காலிலேயே விழுந்தது. கழுத்தில் விசில் ஆட, தலைவர் எழுந்து வந்தார். அவருடைய முழங்கால் உறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயாப்பா?"

"நான்தான் சார்." டெய்லர் காலி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஆனா நான் போட்டது வாரத்துக்கு ஒண்ணுதான் சார். மத்த ஆறும் சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஏன் போட்டே?"

"குளம் முடிஞ்சா ஞாயித்துக்கிழமையும் முடிஞ்சிடும் சார். அப்புறம் நான் யார்கிட்டப் போய்ப் பேசறது? தோலை வேணா உரிச்சுக்குங்க, குழுவுலேருந்து மட்டும் நிறுத்திடாதீங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிடாதீங்க சார், அவங்க மூஞ்சியில முழிக்கவே முடியாது."

தலைவர் குனிந்து, கீழே கிடந்த கொத்தை எடுத்து மண்ணை உதறி, டெய்லரின் கையிலேயே திணித்தார். பிறகு வாட்சைப் பார்த்தார்.

"சட்டுனு போட்டுட்டுக் கிளம்பு, ஆறரைக்குப் பல் டாக்டரம்மா வருவாங்க."