வீட்டில் கொஞ்சம் வேலை

“பிடிச்சுட்டேன்! கள்ளத்தனம் வெளியே வந்தாச்சு!” என்று ஷைஜு மேஜையைத் தட்டினான்.

“யாரோட கள்ளத்தனம்?” என்றாள் அவன் மனைவி லிஜி.

“விக்ரமன் பிள்ளை சாரோடது.”

“ஐயோ பாவம். சரி சேட்டா, அந்த லேப்டாப்பை எப்போ தருவீங்க? இந்த உடைஞ்ச போன்ல பாடம் பார்த்துப் பார்த்துக் கண்ணே போச்சு.”

“இதோ, அஞ்சே நிமிஷம்.”

லிஜி அரசு வேலைக்கான பி.எஸ்.சி. கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறாள். தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, இதை விட்டால் பிறகு கிடையாது. ஷைஜுவின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

ஷைஜு, ‘நாட்டறிவு’ என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவன். கேரளத்து மீன், மரம், படகு, பலகாரம் என்று எதைப் பற்றியும் யாரும் எழுதலாம். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. பதினாலு வருஷமாக அங்கே அதிகம் எழுதியவர் ஹரிப்பாட்டு விக்ரமன் பிள்ளை, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர்.

போன மாதம் அவர் திடீரென்று ஓர் அறிவிப்பு போட்டார். ‘வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு வரமாட்டேன்.’

நாற்பது பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். நாலாம் நாள் ‘தூக்கணாங்குருவி’ என்ற பெயரில் யாரோ புதிதாக எழுத ஆரம்பித்தார்கள். அதுவும் பிள்ளை சார் வீட்டு இணைப்பிலிருந்தே!

“வீட்டு வேலையாம்! யாரு காதுல பூ சுத்தறாரு?” என்று துபாயிலிருந்து இன்னொரு நிர்வாகி ஜோஸி குரல் செய்தி அனுப்பினான். “அதுல பாரு, இவரு கட்டுரையையே இவரு திருத்துறாரு. என்னா நடிப்பு!”

உண்மைதான். பிள்ளை சார் எழுதிய ‘கொஞ்சு’ இறால் கட்டுரையில் தூக்கணாங்குருவி பாதியை வெட்டிவிட்டு, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தது: ‘எழுதியவர் சாப்பிட்டிருக்கிறார். சுத்தம் செய்ததில்லை.’

நாட்டறிவில் ஒருவருக்கு ஒரு பெயர்தான். கள்ளப்பெயரில் வந்தால் இரண்டு பெயருக்கும் தடை. பதினாலு வருஷத்துப் பெயர் என்பதால், ஒரு தடவை நேரில் கேட்டுவிடுவது என்று முடிவானது. ஷைஜு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினான், லேப்டாப்போடு.

“இன்னிக்கு எனக்கு மாதிரித் தேர்வு இருக்கே!” என்றாள் லிஜி.

“ஆதாரம் காட்ட வேணாமா? நீ போன்லயே எழுதிடு.”

அவள் உடைந்த போனை எடுத்துக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹரிப்பாட்டில் கதவைத் திறந்தது பிள்ளை சார்தான். மடித்துக் கட்டிய கைலி, தோளில் அடுப்புத் துணி, முழங்கை வரை மீன் செதில்.

“எடோ ஷைஜு! வா, வா. மத்தி வாங்கினேன். குழம்பு இப்பத்தான் கொதிக்குது. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“சாப்பாடு இருக்கட்டும் சார். தூக்கணாங்குருவி யாரு?”

பிள்ளை சாரின் முகம் மலர்ந்தது. “ஏன், நல்லா எழுதுதா?”

“சார், உங்க பேரையே தடை பண்ணப் போறாங்க. நீங்க சிரிக்கிறீங்க!”

உள்ளே டக் டக்கென்று தட்டச்சுச் சத்தம் கேட்டது. சார் இங்கே நிற்கிறார். அப்புறம் உள்ளே யார்?

ஷைஜு எட்டிப் பார்த்தான். மூக்கு நுனியில் கண்ணாடியோடு, கணினி முன்னால் சாரின் மனைவி விலாசினியம்மா.

“சேச்சி... நீங்களா?”

“வீட்ல இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர் மோனே. பதினாலு வருஷம் இவர் உட்கார்ந்தாரு. நான் கழுவின மீனைப் பத்தி இவர் எழுதினாரு. ‘நானும் எழுதட்டுமா’ன்னு ஒரு நாள் கேட்டேன். எழுந்து நாற்காலியைக் கொடுத்துட்டாரு.”

“ஒரு நாள் இல்ல, ஷைஜு,” என்றார் பிள்ளை சார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பல வருஷமா கேட்டிருக்கா. அன்னிக்குத்தான் என் காதுல விழுந்தது.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?”

“நான்தான் வேண்டாம்னேன்,” என்றார் விலாசினியம்மா. “பிள்ளை சார் பெண்டாட்டின்னு தெரிஞ்சா, நான் தப்பா எழுதினாலும் திருத்த மாட்டீங்களே.”

“ஆனா காரணம் சொல்லிட்டுத்தானே விலகினேன்? வீட்ல வேலை இருக்குன்னு,” என்றார் சார். “எனக்கு இன்னும் மீனே ஒழுங்கா வெட்ட வரல. ஒரு வருஷம் பத்துமான்னு தெரியல.”

ஷைஜு பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கவே இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அது மடியில் கனத்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் லிஜி போன் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதித் தேர்வில் இருந்தாள்.

“அவரைத் தடை பண்ணியாச்சா?” என்றாள், நிமிராமலே.

“இல்ல. ரெண்டு பேர், ரெண்டு பெயர். தப்பே இல்ல.”

நின்றபடியே லேப்டாப்பில் நாட்டறிவைத் திறந்து ரெண்டு வரி தட்டினான். பிறகு லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தான்.

“அஞ்சு நிமிஷத்துக்கா?” என்றாள் லிஜி.

“ஏழு வாரத்துக்கு.”

அவள் திரையைப் பார்த்தாள். ‘வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஏழு வாரம் வரமாட்டேன். ஷைஜு.’

அதன் கீழே அதற்குள் ஜோஸியின் பதில் வந்து விழுந்திருந்தது: ‘வீட்டு வேலையாம்! இவன் எந்தக் கள்ளப்பெயர்ல வரப்போறான்னு ஒரு கண்ணு வெச்சுக்குங்க.’

ஷைஜு அதைப் பார்க்கவில்லை. சமையலறையில் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல், ஒரு மத்தியோடு போராடிக்கொண்டிருந்தான்.