முப்பது சிலைப் பாலம்

“மனுசனாப் பொறந்தவன் சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்தப் பாலத்துல கால் வெக்கணும்யா” என்றார் செல்லதுரை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உத்தரவு போலத்தான் சொல்வார். பெரம்பலூரின் அந்தத் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டிருந்தது.

ஐரோப்பாவில் பிராக் நகரம். அங்கே கம்ப்யூட்டர் வேலையில் மகன் மகேஷ். மூன்று வருஷமாக ஊர்ப்பக்கமே வராத மகனைப் பார்க்க, பதினைந்து நாளைக்கு முன் கணவன் மனைவி இருவரையும் மாலை போட்டு வழியனுப்பியது இதே தெருதான்.

“ரெண்டு பக்கமும் முப்பது சிலை. ஒவ்வொண்ணும் நம்ம தேர் உசரம். ஒரு பொட்டு சிமெண்டு கெடையாது. அறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அசையல!”

“நம்மூரு ஓடைப்பாலம் ஒரு மழைக்கே பொளந்துருச்சே. அதோட தெறப்பு விழாவுல நீங்கதான சார் மேடையில உக்காந்திருந்தீங்க?” என்றார் பக்கத்து வீட்டுப் பூமாலை.

கூடம் சிரித்தது. செல்லதுரைக்கு அது மட்டும் காதில் விழவில்லை.

பூமாலை மூலையில் இருந்த பயணப் பெட்டியைத் தடவி விரலைப் பார்த்தார். “என்னங்க, மாவு மாதிரி அப்பியிருக்கு?”

“பனிப்பிரதேசம்யா. அங்க தூசிகூட வெள்ளைதான்.”

சாக்லெட் தட்டோடு நின்ற அவர் மனைவி ஜெகதாம்பாள் தலை நிமிரவில்லை. அது ரெட்டிபாளையத்து சிமெண்டு ஆலைத் தூசி.

‘இந்த வருசம் வேணாம்ப்பா, லீவு கெடைக்கல’ என்று மகன் கடைசி நேரத்தில் போனில் சொல்லிவிட்டான். அதற்குள் தெருவில் வழியனுப்பு மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. போகவில்லை என்று தெருவிடம் சொல்வதைவிட, ரெட்டிபாளையத்தில் மைத்துனி சின்னம்மாள் வீட்டுப் பின்கட்டில் பதினைந்து நாள் கதவைச் சாத்தி, போனையும் அணைத்துக்கொண்டு கிடப்பது கௌரவம் என்று செல்லதுரை முடிவெடுத்தார். பாலம் நூலகப் புத்தகத்தில் இருந்தது. சாக்லெட் திருச்சியில் கிடைத்தது.

“புள்ள எளச்சுட்டானாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கான்” என்றாள் ஜெகதாம்பாள். மூன்று வருஷமாக அவளும் அதையேதான் யாரிடமாவது கேட்கத் தவித்துக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு சாக்லெட்டுடன் எல்லோரும் கிளம்பினார்கள். எதிர்வீட்டுக் கலியம்மாள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததிலிருந்து அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மடியில் ஒரு மஞ்சள் பையை அணைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கூடம் காலியானதும் பையை நீட்டினாள். உள்ளே ஒரு கம்பளிச் சால்வை. கூடவே ஒரு சாக்லெட் டப்பா, அசல்.

“போன புதன்கெழம மகேசு வந்துச்சுக்கா. ஆபீஸ் வேலையா பெங்களூர் வந்துச்சாம். சொல்லாம வந்து ஒன்னய அசத்தணும்னு ஓடியாந்திருக்கு. தெருவே வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போயிருந்த நாளு, நான் மட்டுந்தான் இருந்தேன். பூட்டப் பாத்துட்டு, போன் போட்டும் கெடைக்காம, சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாவுற வரைக்கும் உங்க வூட்டுப் படியிலயே உக்காந்திருந்துச்சு.”

ஜெகதாம்பாள் சால்வையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களக் கேட்டானா?” என்றார் செல்லதுரை.

“‘எங்க போயிருக்காங்க’ன்னு கேட்டுச்சுங்க. ‘உன்னையப் பாக்கத்தான்’னு சொன்னேன்.”