வெட்டிக் கொடுத்த பெல்ட்

அக்காவின் கார் போலீஸ் நிலையத்திலிருந்து மெக்கானிக்கான தம்பியின் ஷெட்டுக்கு வந்து மூன்று நாளாயிற்று. இன்றைக்குத்தான் பானட்டைத் திறந்தான்.

அக்கா போய்ச் சேர்ந்து இருபது நாள்.

கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மரத்துப்போய்க் கிடந்தது. அழுகையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றினான். நினைத்தது சரி. ஏழெட்டுப் பற்கள் வரிசையாக உரிந்திருந்தன. மேட்டில் ஏறும்போது எஞ்சின் பொசுக்கென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்து மோதிய லாரிக்காரன் பாவம், அவன்தான் என்ன செய்வான்?

ஆனால் பெல்ட் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லையே! பதினாலு வருஷத்து வண்டி, அறுகிற வரைக்கும் காத்திருக்காதே என்று நச்சரித்து வரவழைத்து, இவனே தன் கையால் செய்த வேலை.

அப்படியானால் சரக்கு போலி. வேறென்ன? மூடியைக் கழற்றிப் பார்க்கும் முன்னாலேயே, நேற்றே, பெல்ட் விற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருந்தான். பிள்ளைகள் மேல் சத்தியம், ஒரிஜினல்தான் என்று அந்த மனிதர் நடுங்கினார். இவனுக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. யாராவது ஒருத்தர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் மாமா, அக்காவின் கணவர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மேல் கேஸ் போட வக்கீலைப் பார்த்தாகிவிட்டது. பெல்ட் போலிதான் என்று இவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அவளுடைய சாமான்களை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று டிக்கியைத் திறந்தான். ஒரு குடை. ஒற்றைச் செருப்பு. அதன் அடியில் இரண்டு துண்டாக வெட்டிய பெல்ட்.

அது இவன் வழக்கம். கழற்றிய பழைய பெல்ட்டை அங்கேயே வெட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவான். மாற்றாமலே மாற்றிவிட்டதாக ஏமாற்றுகிறான் என்று எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது பாருங்கள்.

பெல்ட் மாற்றிய அன்றைக்கு மேஜையில் பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இவன் கைக் கிரீஸ் இரண்டிலும் அப்பியிருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து, மாமா தலைக்குச் சாயம் பூசப் போய் நெற்றியில் பாதியையும் கறுப்பாக்கிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து இவனுக்கு வயிறே வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வெட்டினான்.

"அடப்பாவி, என்னையும் கஸ்டமர் லிஸ்ட்ல சேத்துட்டியா?" என்று சிரித்தபடி வாங்கி டிக்கியில் போட்டாள்.

துண்டுகளைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தான். முதுகில் கம்பெனி பெயர், வெள்ளை எழுத்தில். ஓரெழுத்துகூடத் தேயவில்லை.

டிக்கியை மூடினான். குடை உள்ளேயே இருந்துவிட்டது.

வாசலுக்குப் போய், துண்டுகளை மாமாவின் மடியில் வைத்தான்.

மாமாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"புத்தம் புதுசா இருக்கே மாப்ளே. இதை எதுக்கு வெட்டினே?"