இன்னும் கொஞ்சம் துடைங்க

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவளின் பட்டறைக்குள் நுழைந்த மில் முதலாளி, மேசையில் கிடந்த தன் தாத்தாவின் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“படத்து மேல பூசின வார்னிஷ் கறுத்துப்போச்சுன்னுதானே உங்ககிட்ட கொடுத்தோம்? முகம் அப்படியேதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் துடைங்கம்மா.”

“இதுக்கு மேல துடைக்க மாட்டேன் சார்.”

“எங்க தாத்தா செக்கச்செவேல்னு இருப்பாராம். நாளன்னிக்கு மில்லோட நூற்றாண்டு விழா. இந்த மூஞ்சியை எப்படி மேடையில வைக்கிறது?”

“இதையேதான் வைக்கணும்.”

“நான் நினைச்சா உங்களுக்கு இனி எங்கேயும் வேலை கிடைக்காது.”

“கிடைக்காட்டிப் போகுது.”

பழுப்பேறிய பஞ்சு உருண்டைகள் நிறைந்த ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“வார்னிஷ் மொத்தமும் இதுல இருக்கு. நேத்தே எடுத்து முடிச்சுட்டேன். உங்க தாத்தா கறுப்பு, சார்.”