மூன்று பத்து

அப்பா இறந்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. அவர் உயிர் பிரிந்தபோது அம்மா கட்டிலருகே கண்ணயர்ந்துவிட்டாள். மூன்று பத்தில் நின்றிருந்த சுவர்க் கடிகாரம்தான் நேரத்தைச் சொன்னது. "அவர் மூச்சோட அதுவும் நின்னுடுச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தாள். குழலி அந்த மாலையை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

காரியம் முடிந்ததும் அத்தை, "நீ செஞ்ச பொம்மைப் படகை எடுத்துட்டு வாடி. ஓடுமா ஓடுமான்னு கேட்டுட்டே இருந்தாரே அண்ணன்" என்றாள். மறுக்கக் குழலிக்குக் காரணம் அகப்படவில்லை.

படகின் பாயைக் குடைத்துணியிலும், கயிறோடும் கப்பிகளைச் சட்டைப் பித்தான்களிலும் அவளே செய்திருந்தாள். சாவி கொடுத்துக் கிணற்றடித் தொட்டியில் விட்டாள். பாயை இடமும் வலமுமாகத் தானே திருப்பிக்கொண்டு, எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேறியது படகு. உள்ளே டிக் டிக்கென்று சத்தம்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நம்ம கடிகாரச் சத்தம்டி. அவர் இங்கதான் இருக்கார்."

அத்தை படகைக் கும்பிட்டாள். குழலிக்கு முகம் எரிந்தது.

"அந்தக் கடிகாரத்துக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா. அப்பா போறதுக்கு முந்தின நாள் மத்தியானமே நான் கழட்டி இதுல வச்சிட்டேன்."